காணி உறுதியா, கடன் கொப்பியா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டிலே அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கணிதம் படித்தால் பொறியியலாளர் ஆகலாம். விஞ்ஞானம் படித்தால் வைத்தியர் ஆகலாம். செத்துப்போன அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் பாடமாக்குவதால் என்ன பயன்?" பெற்றோரிற் பலருக்கு இதற்கு மறுமொழி தெரிவதில்லை. "பரீட்சையில் வருகிறது, படி" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆள்வோருக்கும் இந்தத் தடுமாற்றம் இருந்திருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தோடு வரலாறு தன் தனியிடத்தை இழந்து சமூகக் கல்வி என்னும் பாடத்துக்குள் அடங்கிற்று. பல ஆண்டுகள் கழிந்தபின் மறுபடியும் தனிப்பாடமாயிற்று. 2025 ஆம் ஆண்டிலே புதிய சீர்திருத்தம் பேசப்பட்டபொழுது, வரலாறு கட்டாயப் பாடமா விருப்பப் பாடமா என்ற வாதம் நாடெங்கும் மறுபடி எழுந்தது.

அன்பார்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தாரே, இந்தக் கேள்வியை விசுவாசக் கண்ணோடு சற்றே நோக்குவோம். வரலாறு படிக்கவேண்டுமா என்பதற்கு நம் மறை எப்பொழுதோ விடை தந்துவிட்டது. அதை எந்த மனத்தோடு படிப்பது என்பதே திருகோணமலையிலே வாழும் நம் மனச்சாட்சியைத் தொடும் வினாவாகும்.

நினைவுகூரும் மக்கள்

எகிப்தைவிட்டுப் புறப்படும் அந்த இரவிலேயே, நாளைய பிள்ளைகளின் கேள்வியை இறைவன் முன்னறிந்திருந்தார் என்று யாத்திராகமம் காட்டுகிறது. இந்தச் சடங்கின் பொருள் என்னவென்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள்; அப்பொழுது நடந்ததை எடுத்துச் சொல்லுங்கள் என்பது மோயீசன் வழியாக மக்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. உபாகமத்திலும் அதே கட்டளை வருகிறது. அங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எகிப்தையே காணாத தலைமுறையைச் சேர்ந்த தகப்பனும் தன் மகனுக்கு விடை சொல்லும்பொழுது "அவர்கள் அடிமைகளாயிருந்தார்கள்" என்று சொல்வதில்லை. அடிமைகளாயிருந்தவர்கள் நாங்களே என்று சொல்லவேண்டும். கழிந்துபோன காலத்தைத் தன் காலமாக ஏற்றுக்கொள்கிறவனே இறைமக்களில் ஒருவனாகிறான்.

நம்முடைய விசுவாசம் ஒரு தத்துவத்தின்மீது கட்டப்பட்டதன்று. நடந்த நிகழ்ச்சிகளின்மீது கட்டப்பட்டது. ஆகவேதான் ஞாயிறுதோறும் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலே உரோமை ஆளுநன் பிலாத்துவின் பெயர் நிற்கிறது. நம் ஆண்டவர் "ஒரு காலத்தில், ஒரு ஊரில்" பாடுபட்டவர் அல்லர். இன்ன நாட்டில், இன்னாருடைய ஆட்சியில் பாடுபட்டார். புனித லூக்காஸ் தம் நற்செய்தியைத் தொடங்கும்பொழுதே, எல்லாவற்றையும் ஆதிமுதல் நுணுகி ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதாகச் சொல்லுகிறார். பேரரசன் திபேரியு, ஆளுநன் பிலாத்து, சிற்றரசன் ஏரோது என்று பெயர்களைச் சாட்சியாக நிறுத்துகிறார். வரலாறு வேண்டாம் என்கிற கிறிஸ்தவன், அறியாமலே தன் நற்செய்தியின் அடித்தளத்தைத் தோண்டுகிறவன் ஆகிறான்.

எதையும் மறைக்காத நூல்

வேதாகமம் எவ்விதமான வரலாற்றை எழுதுகிறது என்பதையும் பாருங்கள். உலகத்து அரசர்கள் கல்லிலே எழுதுவித்தவை பெரும்பாலும் வெற்றிகள். தோல்வியையும் பாவத்தையும் எந்த அரசன் பொறிப்பித்தான்? வேதாகமமோ தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்ததையும், அவனைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லுவித்ததையும், இறைவாக்கினர் நாத்தான் வந்து முகத்துக்கு நேரே கண்டித்ததையும் ஒளிக்காமல் சொல்லுகிறது. புனித மத்தேயு ஆண்டவருடைய வம்ச வரிசையை எழுதுகையில், தாவீதுக்குச் சாலமோன் பிறந்த இடத்தில் அந்தத் தாயைப் பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவி என்றே குறிக்கிறார். அந்தப் பாவத்தை உலகம் மறந்துவிடாமல் இருக்கவே அப்படி எழுதினார் போலும்.

திருச்சபையின் முதல் தலைவரான இராயப்பர் ஆண்டவரை மும்முறை மறுதலித்ததை நான்கு நற்செய்தியாளரும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிய காலத்தில் இராயப்பர் திருச்சபை முழுவதாலும் போற்றப்பட்டவர். "தலைவரின் மானம் போகுமே, இதை விட்டுவிடுவோம்" என்று ஒருவரேனும் எண்ணவில்லை. ஆண்டுதோறும் பரிசுத்த வாரத்திலே அந்தப் பகுதியை நாம் எழுந்து நின்று கேட்கிறோம். அதனால் இராயப்பர்மீது நமக்குள்ள அன்பு குறைந்ததா? அவர் சிந்திய கண்ணீரினாலே கூடியதேயன்றிக் குறையவில்லை.

தம் முதல் பாப்பரசரின் தவறை ஆண்டுதோறும் உரத்து வாசிக்கும் மக்கள், தம் வரலாற்றின் வேறெந்தப் பக்கத்தையும் கண்டு அஞ்சவேண்டியதில்லை. இதை மனத்திற் கொண்டு நம்முடைய துறைமுகத்துக்கு வருவோம்.

கோட்டை வாயிலின் கல்

கோணேசர் மலைக்குப் போகிறவர் எவரும் பிரடரிக் கோட்டையின் வாயிலூடாகவே போகவேண்டும். அந்த வாயிலில் இணைகயல்கள் செதுக்கிய கல் இருக்கிறது; தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இருக்கிறது. கோட்டைக்கும் கயலுக்கும் என்ன உறவு என்று உங்கள் பிள்ளை கேட்குமானால், அதற்கு நேர்மையான விடை ஒன்றுதான் உண்டு. அவை கோட்டைக்கென்று செதுக்கப்பட்ட கற்களல்ல.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிய தலம் திருக்கோணேசுவரம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அதன் அடியிலே கிடந்தது. துறைமுகத்தின் சிறப்பே கோயிலுக்குத் துன்பமாய் முடிந்தது. 1620 இல் டென்மார்க் நாட்டுக் கப்பல்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்தன. கண்டி மன்னன் செனரத்துடன் பேசித் திருகோணமலையிலே கோட்டை கட்ட அவர்கள் முயன்றும் காரியம் கைகூடவில்லை. பின்னர் சோழமண்டலக் கரையில் தரங்கம்பாடியிலேயே நிலைகொண்டனர். ஆயினும் வேறொரு ஐரோப்பிய நாட்டார் இத்துறைமுகத்தைப் பிடித்துவிடுவர் என்ற அச்சம் போர்த்துக்கேயரைப் பற்றிக்கொண்டது. அந்த 1620-களின் முற்பகுதியிலேயே அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனு த சா மலைமேலிருந்த கோயிலை இடிப்பித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினான்.

இந்தச் செய்தி எதிரிகள் கட்டிய கதை என்று நம்மவர் எவரேனும் நினைத்தால், அதை அறிய வேறெங்கும் போகவேண்டியதில்லை. கோவையிலே வாழ்ந்த சேசு சபைக் குருவானவர் பெர்னாவோ தெ குவைறோஸ் அடிகள் 1680-களில் எழுதிய இலங்கை வரலாற்றிலே திருகோணமலைக் கோயில்களின் பெருமையும் அழிவும் கூறப்பட்டுள்ளன. அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1930 இல் வெளிவரச் செய்தவரும் சேசு சபைக் குருவே, இலங்கையரான எஸ். ஜி. பெரேரா அடிகளார். உண்மையை நமக்குக் காத்துத் தந்தவை நம்முடைய குருக்களின் கைகளே.

அக்கோட்டை நெடுநாள் அவர்களுக்கு நிலைக்கவில்லை. 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தனர். பின்னர் 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. மறுபடி ஒல்லாந்தரிடம் வந்து, 1795 இல் ஆங்கிலேயருக்கு உரியதாயிற்று. யார் வாங்கினாலும் யார் விற்றாலும், கோயிலின் கல் மதிலிலேயே இருந்தது. 1950 இல் நகரிலே கிணறு தோண்டுகையில் பழைய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலிலே மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1963 இல் புதுக்கோயிலின் கும்பாபிஷேகம் நடந்தது. இடித்தோரின் பேரரசு போய்விட்டது. மலையில் மணியோசை மீண்டும் கேட்கிறது.

அந்த இடிப்பை நாம் செய்யவில்லை. நம்மிற் பெரும்பாலோரின் மூதாதையரும் செய்யவில்லை. அது உண்மையே. ஆனால் அந்தப் படை சிலுவை பொறித்த கொடியின்கீழ் வந்தது என்பதும் உண்மையே. நம்முடைய விசுவாசம் அந்தக் கோட்டையன்று. ஆகவே விசுவாசத்தைப்பற்றி நாம் வெட்கப்படவேண்டியதில்லை. கோட்டையைப்பற்றி மௌனம் சாதிக்கும் உரிமையும் நமக்கில்லை. சைவ அயலவர் ஒருவர் அந்தக் கல்லைக் காட்டித் துயரத்தோடு பேசும்பொழுது, "அது பழைய கதை, விடுங்கள்" என்று சொல்லுவது கிறிஸ்தவ மறுமொழியாகாது. "ஆம், நடந்தது; நடந்திருக்கக்கூடாது" என்று சொல்லுவதே நம் மறுமொழி. அதைச் சொல்லுவதற்கு நடந்ததை முதலில் நாம் அறிந்திருக்கவேண்டும்.

ஏட்டின் மறுபக்கம்

ஏட்டைப் புரட்டுவோம். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானதும் நம் முன்னோரின் துன்பக்காலம் தொடங்கியது. கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. கோவில்கள் பறிபோயின. குருக்கள் இல்லாமல், தேவதிரவிய அனுமானங்கள் இல்லாமல், இரவிலே வீட்டுக்குள் செபமாலை சொல்லி விசுவாசத்தைக் காத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1687 இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, அந்த மக்களைத் தேடித் திரிந்தவரே புனித யோசப் வாஸ். 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள் காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியபொழுது நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை தகும்.

ஆனால் முழுக் கதையையும் சொல்லவேண்டும். 1692 இல் கண்டிக்குப் போன அடிகள், போர்த்துக்கேயரின் உளவாளி என்ற ஐயத்தினால் சிறைவைக்கப்பட்டார். பின்னர் அவரை விடுவித்து, தன் நாட்டிலே தடையின்றிப் பணிசெய்ய இடங்கொடுத்தவன் பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன். 1697 இல் கண்டியிலே பெரியம்மை பரவி மக்கள் ஓடியபொழுது, அடிகள் ஓடாமல் நின்று சாதி மதம் பாராது நோயாளருக்குத் தொண்டுசெய்தார். கிறிஸ்தவ நாடான ஒல்லாந்து நம்மைத் துரத்தியபொழுது, பௌத்த மன்னன் நமக்கு இடந்தந்தான். அவன் தரவில்லையானால் இந்நாட்டிலே திருச்சபை எவ்வாறு பிழைத்திருக்கும்?

அதற்கு முன்பும் கண்டி அப்படிச் செய்ததுண்டு. 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபொழுது, மன்னன் செனரத் அவர்களை ஏற்று, மட்டக்களப்புப் பகுதியிலே 4000 பேரைக் குடியேற்றினான் என்று அதே குவைறோஸ் அடிகள் எழுதுகிறார். இன்று நம் மாகாணத்திலே நம்மோடு வாழும் முஸ்லிம் சகோதரர் சிலருடைய வேர், சிலுவைக்கொடியால் துரத்தப்பட்டோரின் வேராகும்.

இந்தப் பக்கங்களை ஒன்றாக வைத்து வாசித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நம் பெயரால் அநியாயம் நடந்தது. அடுத்த பக்கத்தில் அநியாயம் நமக்கு நடந்தது. மூன்றாம் பக்கத்தில் பிற மதத்தவரின் தயவால் நாம் வாழ்ந்தோம். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தால், அது பொய் சொல்லுவதற்குச் சமமாகும்.

உறுதியும் கொப்பியும்

நம் மாவட்டத்திலே வரலாறு பெரும்பாலும் காணி உறுதியைப்போலப் பிடிக்கப்படுகிறது. "இந்த மலை எங்களுடையது, இந்த ஊற்று எங்களுடையது, நாங்களே முதலில் வந்தோம்" என்று நிலைநாட்டவே பழைய கல் தோண்டப்படுகிறது. கன்னியா வெந்நீர் ஊற்றைப்பற்றிய பிணக்கு நீதிமன்றம்வரை போனது. 2020 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைக்கென்று சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபொழுது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையராக வாழும் இம்மாகாணத்துக்கான அந்தச் செயலணியிலே தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ முதலில் இடம்பெறவில்லை. ஒருவர் கையிலே மட்டும் மண்வெட்டி இருந்தால், மண்ணுக்குள் எவருடைய கல் தேடப்படும் என்ற ஐயம் மற்றவருக்கு வருவது இயல்பே. நியாயமான உரிமையை நியாயமாகக் கேட்பதைத் திருச்சபை ஒருநாளும் தடுத்ததில்லை.

எனினும், உறுதியைத் தவிர வேறொரு கணக்குப் புத்தகமும் நம் வாழ்விலே உண்டு. சம்பளம் வரும்வரை சாமான் எடுக்கும் வீட்டாருக்காகக் கடைக்காரர் வைத்திருக்கும் கடன் கொப்பியை அறியாதவர் யார்? நாம் வாங்கியது, திருப்பிக் கொடுத்தது, இன்னும் கொடுக்கவேண்டியது எல்லாம் அதிலே இருக்கும். கிறிஸ்தவன் வரலாற்றை அந்தக் கொப்பியைப்போலத் திறக்கவேண்டும். எனக்கு உரியது எது என்று கேட்குமுன், யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று கேட்கவேண்டும். சைவருக்கு ஒரு மன்னிப்பும், பௌத்த அரசன் ஒருவனுக்கு ஒரு நன்றியும், முஸ்லிம் அயலவருக்கு ஒரு நட்பும் நம் கொப்பியிலே எழுதப்பட்டுள்ளன. மற்றவர்களுடைய கொப்பிகளிலும் நமக்குரிய வரிகள் இருக்கும். ஆனால் நம் கையிலிருப்பது நம்முடைய கொப்பியல்லவா?

திருச்சபை காட்டிய வழி

இது ஒரு குருவானவரின் தனிக்கருத்தன்று. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1881 இல் வத்திக்கான் சுவடிக்கூடத்தை ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட்டார். எதிரிகள் வந்து குறை தேடுவர் என்று பலர் அஞ்சினர். 1883 இல் அவர் எழுதிய மடலிலோ, வரலாறு எழுதுவோன் பொய்யைச் சொல்லத் துணியலாகாது, மெய்யைச் சொல்ல அஞ்சவுமாகாது என்ற பழைய விதியை நினைவூட்டினார். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற மதங்களிலே உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று பறைசாற்றியது. 2000 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆம் நாள், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் புனித இராயப்பர் பேராலயத்திலே, சென்ற நூற்றாண்டுகளில் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிற மக்களின் பண்பாடுகளையும் மதங்களையும் மதியாது நடந்த பாவமும் அவற்றுள் ஒன்று. பெயர் சொல்லப்படாவிடினும் நம் கோணேசர் மலையும் அந்தச் செபத்துக்குள் அடங்கிற்று என்று கொள்ளலாம். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் தம் இறுதி ஆண்டுகளிலே, 2024 நவம்பர் 21 ஆம் நாளிட்ட மடலொன்றைத் திருச்சபை வரலாற்றைப் படிப்பதைப்பற்றியே எழுதினார். திருச்சபையை வானதூதர் கூட்டம்போலக் கற்பனை செய்யாமல், அது உள்ளபடியே அறிந்து நேசிக்க அந்தப் படிப்பு உதவும் என்பது அதன் சாரம்.

நம் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. மானிப்பாயிலே சைவக் குடும்பத்தில் 1875 இல் பிறந்து, அமலமரித் தியாகிகள் சபைக் குருவான நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்து வரிவரியாக மற்றைய சான்றுகளோடு ஒப்பிட்டு, 1928 இல் தம் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை வெளியிட்டார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்த அறிஞர் ஏற்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார். கேள்விப்பட்டதை அப்படியே நம்பாமல், எழுதினவன் யார், எப்பொழுது எழுதினான், எதற்காக எழுதினான் என்று கேட்கும் பழக்கத்தையே அவர் நமக்கு விட்டுச்சென்றார். நம்முடைய பிள்ளைகளுக்கு இன்று மிகவும் வேண்டிய பழக்கம் அதுவே. கைத்தொலைபேசியிலே ஒரு படமும் நாலு வரியும் வந்தால், அடுத்த நிமிடத்தில் அது நூறு பேருக்குப் போய்விடுகிறது. வரலாறு கற்ற பிள்ளை, அனுப்புமுன் ஒரு நிமிடம் நின்று, "இதற்குச் சாட்சி யார்?" என்று கேட்கும். அந்த ஒரு நிமிடத்தாலே ஓர் ஊர் தப்பக்கூடும்.

ஒரே அளவுகோல்

இனி, நெஞ்சைத் தொடும் இடத்துக்கு வருவோம். 2019 ஆம் ஆண்டு ஏப்ரில் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நம் ஆலயங்களிலும், மட்டக்களப்பிலே சீயோன் சபையின் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250 பேருக்கு மேல் மாண்டனர். அந்த நாளைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லுகிறோம்? "முஸ்லிம்கள் நம்மைக் கொன்றார்கள்" என்று சொல்லுகிற வீடுகளும் உண்டு. அதைச் செய்தது ஒரு சிறு தீவிரவாதக் கூட்டம். நம் தெருமுனைக் கடைக்காரரும், நம் பிள்ளையோடு ஒரே வகுப்பிலிருக்கும் பிள்ளையும் அதைச் செய்யவில்லை.

கோயிலை இடித்தவர்கள் போர்த்துக்கேயர். "கத்தோலிக்கர் எங்கள் கோயிலை இடித்தார்கள்" என்று நம் சைவ அயலவர் இன்று நம் பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் நமக்கு நோகும். அந்த நோவு நியாயமானதானால், மற்றச் சொல்லும் அநியாயமானதே. பிறர் நமக்குச் செய்யவேண்டுமென்று விரும்புவதையே பிறர்க்கு நாமும் செய்யவேண்டும் என்று ஆண்டவர் மலைமேலிருந்து கற்பித்தது வரலாற்றுப் பாடத்துக்கும் பொருந்தும். நமக்கு வேண்டிய அளவுகோலை மற்றவர்க்கும் பிடிக்கவேண்டும்.

போர்க்காலத்தின் நினைவும் அப்படியே. 1995 ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் மாவட்டத்தின் கல்லறாவையிலே சிங்கள மீனவக் குடும்பத்தார் 40 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். ஒன்பது மாதங்கள் கழித்து, 1996 பெப்ரவரியில் கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்திலே பெண்களும் பிள்ளைகளுமாகத் தமிழர் 20 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். 2006 ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம்கள் ஊரோடு பெயர்ந்து கந்தளாய்க்கு நடந்தார்கள். அதே மூதூரிலே பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நமக்கும் ஓர் ஆறாப் புண் உண்டு: திருகோணமலை சூசையப்பர் கல்லூரியிலே மூவினப் பிள்ளைகளுக்கும் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்கரான சேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15 ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, மட்டக்களப்புக்குப் போகும் வழியிலே உடன்சென்ற இளைஞரோடு காணாமற்போனார். இன்றுவரை அவர்கள் திரும்பவில்லை.

ஒவ்வோர் இனமும் தன் பிணங்களை மட்டும் எண்ணுகிறது. நம் பிள்ளைகள் குமாரபுரத்தை அறிவர், கல்லறாவையை அறியார். அங்குள்ள பிள்ளைகளோ கல்லறாவையை அறிவர், குமாரபுரத்தை அறியார். இரண்டையும் அறிந்த ஒரு பிள்ளையை வளர்த்தெடுப்பது பத்து மாநாடுகளுக்குச் சமம் என்பேன்.

இல்லங்களிலே செய்யக்கூடியவை

பெற்றோரே, பாடசாலைப் புத்தகத்தை மட்டும் நம்பியிராதீர்கள். அப்பப்பாவும் அம்மம்மாவும் இருக்கும்பொழுதே கேளுங்கள்: நம் குடும்பம் எங்கிருந்து வந்தது? 1942 ஏப்ரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு போட்டபொழுது நம்மவர் எங்கே ஓடினர்? 1957 இல் ஆங்கிலக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபின் எப்படிச் சீவித்தனர்? இடம்பெயர்ந்த நாட்களில் எந்த வீட்டார் சோறு தந்தனர்? அந்த வீட்டாரின் மதத்தையும் இனத்தையும் சேர்த்தே எழுதிவையுங்கள். கடன் கொப்பியின் முதற் பக்கம் அதுவாகட்டும்.

பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடுகள் நம் வரலாற்றுச் செல்வம். 1893 இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. பிரான்சிலிருந்து வந்த சேசு சபைக் குருக்களும் அவர்களுக்குப் பின்வந்த அமெரிக்கக் குருக்களும் இங்கே உழைத்தனர். 2012 இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. இந்த நீண்ட ஓட்டத்திலே நம் ஒவ்வொருவருடைய பெயரும் ஏதோ ஒரு பதிவேட்டின் ஒரு வரியிலே நிற்கிறது. இளைஞர் சங்கத்தார் பங்குத்தந்தையின் அனுமதியோடு தம் பங்கின் கதையைத் தொகுக்கலாம். மங்கிப்போன ஏடுகளைப் படமெடுத்துக் காக்கலாம்.

ஒரு விடுமுறை நாளிலே பிள்ளைகளைக் கோட்டை வாயிலுக்குக் கூட்டிச் செல்லுங்கள். கடலையும் மான்களையும் காட்டுவதோடு நில்லாமல், கயல் பொறித்த அந்தக் கல்லின்முன் நிறுத்தி, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கூட்டாமல், குறையாமல் சொல்லுங்கள். பின்னர் யோசப் வாஸ் அடிகளின் கதையையும், அவரை ஏற்ற அரசனின் கதையையும் சொல்லுங்கள். அயலிலுள்ள சைவப் பெரியவரிடமும், முஸ்லிம் நண்பரிடமும், சிங்கள ஆசிரியரிடமும் அவர்கள் வீட்டுக் கதையைக் கேட்கப் பிள்ளையை அனுப்புங்கள். நம் தமிழிலே "நாங்கள்" என்றால் கேட்பவன் வெளியே நிற்கிறான். "நாம்" என்றால் அவனும் உள்ளே வருகிறான். திருகோணமலையின் வரலாற்றை "நாம்" என்று சொல்லக்கூடிய தலைமுறை ஒன்று நம் வீடுகளிலிருந்து எழட்டும்.

உயிர்த்த ஆண்டவர் அன்று மாலை எம்மாவுசுக்குப் போகும் வழியிலே, நம்பிக்கை இழந்த இருவரோடு கூட நடந்தார். அவர் அவர்களுக்குச் செய்தது என்ன? மோயீசன் தொடங்கி எல்லா இறைவாக்கினர் வழியாகவும் தம் மக்களின் பழைய வரலாற்றை எடுத்து விளக்கினார். அவ்வளவு நேரமும் தங்கள் உள்ளம் பற்றியெரிந்ததை அவர்கள் பின்னர் உணர்ந்தனர். அப்பம் பிட்கையில் அவரை அறிந்தனர். அந்த இரவிலேயே தாம் விட்டு ஓடிய நகரத்துக்குத் திரும்பினர். அவர்கள் எருசலேம் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கையிலே ஆண்டவர் நடுவே நின்று, தம் கைகளையும் கால்களையும் காட்டினார். உயிர்த்தபின்னும் அவர் காயங்களை அழித்துவிடவில்லை. அவற்றைக் காட்டிக்கொண்டே சமாதானம் கூறினார்.

நம் காயங்களையும், நம் பெயரால் பிறர் அடைந்த காயங்களையும் மறைக்காமல் காட்டி, அவற்றோடே சமாதானம் கூறும் வரத்தை நம் குடும்பங்களுக்கு ஆண்டவர் அருள்வாராக.